ஹெட்போன், இயர்போன் கேபிளை வீட்டிலேயே செய்வது எப்படி: ஒயர் தேர்விலிருந்து கடைசிச் சோதனை வரை

ஒரு பக்கம் கேட்கவில்லை என்று மூலையில் போட்டுவைத்த இயர்போன்களை எடுத்துச் சோதித்தால், பெரும்பாலானவற்றில் ஸ்பீக்கர் நன்றாகவே இருக்கும். போயிருப்பது ஒயர். அது அறுந்திருக்கும் இடமும் கிட்டத்தட்ட எப்போதும் ஒன்றுதான்: பிளக்கின் கழுத்து, கேபிள் இரண்டாகப் பிரியும் கவடு, அல்லது காதுக்குள் போகும் முனை. சொந்தமாகக் கேபிள் செய்பவர் நேரத்தையும் பொறுமையையும் செலவிட வேண்டியதும் இந்த மூன்று இடங்களில்தான். நடுவில் இருக்கும் ஒயர் பெரும்பாலும் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும்.

ஒலி மேம்படும் என்று நினைத்து இதில் இறங்க வேண்டாம். வெள்ளி ஒயரைப் பற்றி எவ்வளவோ எழுதுகிறார்கள். வெள்ளி தாமிரத்தைவிடச் சுமார் 6 சதவீதம்தான் நன்றாக மின்சாரம் கடத்தும். தாமிர ஒயரில் ஒரு படி தடிமனானதை எடுத்தால் அதைவிட அதிகப் பலன் கிடைத்துவிடும். வீட்டில் செய்யும் கேபிளின் ஆதாயம் வேறு. நமக்கு வேண்டிய நீளம், நம் கருவிக்கு ஏற்ற பிளக், சட்டையில் உரசினால் காதில் கரகரக்காத மென்மை, அறுந்தால் திருகைக் கழற்றி மறுபடி பற்றவைக்கக்கூடிய முனைகள். இவை போதாதா?

கேபிள் எங்கே ஒலியைத் தொடுகிறது

அறவே தொடாது என்றும் சொல்லிவிட முடியாது. இரண்டு வழிகளில் தொடும். இரண்டுக்கும் காரணம் மின்தடை.

முதலாவது, மொத்தத் தடை. ஒயர் தடிமனை அமெரிக்க கேஜ் எண்ணில் சொல்வது வழக்கம். எண் கூடக் கூட ஒயர் மெலியும். 26 கேஜ் தாமிர ஒயரின் தடை மீட்டருக்குச் சுமார் 0.134 ஓம். 1.5 மீட்டர் கேபிளில் சிக்னல் போய்த் திரும்ப 3 மீட்டர், ஆக 0.4 ஓம். 32 ஓம் ஹெட்போனில் இதனால் குறையும் ஒலி 0.1 டெசிபல். 300 ஓம் ஹெட்போனில் 0.01 டெசிபல். இதை யாராலும் கேட்டுச் சொல்ல முடியாது. ஆனால் பேலன்ஸ்டு ஆர்மேச்சர் வகை டிரைவர்கள் (ஒலி எழுப்பும் சிறு ஸ்பீக்கர்கள்) பலவற்றைக் கொண்ட இயர்போன்களின் கதை வேறு. அவற்றின் மின்மறுப்பு, அதாவது ஒலிச் சிக்னலுக்கு அவை காட்டும் தடை, ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் ஒவ்வொரு அளவில் இருக்கும். சில இடங்களில் ஒற்றை இலக்க ஓமுக்கு இறங்கிவிடும். அங்கே கேபிளின் தடை ஒரு ஓமை நெருங்கினால் பாஸ், டிரெபிள் விகிதமே சற்று நகரும். அதனால் 1.2 மீட்டர் இயர்போன் கேபிளுக்கு 28 கேஜைவிட மெல்லிய ஒயருக்குப் போகாதீர்கள். 28 கேஜில் போக வர மொத்தம் 0.5 ஓம்தான் வரும். ஹெட்போனுக்கு 26 அல்லது 24 கேஜ். அதற்கும் தடிமனானது கழுத்தில் கனக்கும், பிளக்குக்குள் நுழையாது.

இரண்டாவது வழியை அதிகம் பேர் கவனிப்பதில்லை. சாதாரண மூன்று தொடுமுனை பிளக்கில் இடது, வலது இரண்டுக்கும் திரும்பு பாதை ஒன்றே. மலிவான கேபிள்களில் அந்தப் பொது ஒயர் கவட்டிலேயே ஒன்றாகி, பிளக் வரை ஒரே ஒயராக வரும். அந்த ஒயரின் தடை 0.2 ஓம், ஹெட்போன் 32 ஓம் என்றால், இடது பக்க ஒலி சுமார் 44 டெசிபல் குறைவாக வலது பக்கத்தில் கசியும். பெரிய குற்றமில்லை, ஆனாலும் ஒரு பைசா கூடுதல் உழைப்பில்லாமல் தவிர்க்கக்கூடியது. பக்கத்துக்கு ஒரு பிளஸ் (சிக்னல் போகும் ஒயர்), ஒரு மைனஸ் (திரும்பும் ஒயர்) என நான்கு ஒயர்களைக் கடைசி வரை தனித்தனியாகக் கொண்டுவந்து, பிளக்கின் ஸ்லீவ் எனப்படும் அடி முனையில் மட்டும் இரண்டு மைனஸ்களையும் சேர்த்தால் போதும். இப்படிச் செய்தால் இன்னொரு வசதியும் உண்டு: பின்னாளில், இடதுக்கும் வலதுக்கும் தனித்தனித் திரும்பு பாதை உள்ள பேலன்ஸ்டு பிளக்குக்கு மாற நினைத்தால் பிளக்கை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

ஒயர் தேர்வு

மேசையில் வைத்துக் கேட்கும் பெரிய ஹெட்போனுக்கு, மைக்ரோபோனுக்கென்று விற்கும் நாற்கம்பி கேபிள் மிக எளிய வழி. மோகாமி டபிள்யூ2893, கனாரே எல்-4இ6எஸ் போன்றவை இந்த வகை. உறை, உள்ளே நான்கு ஒயர், அதைச் சுற்றி ஷீல்டு (இரைச்சலைத் தடுக்கும் உலோகச் சுற்று) எல்லாம் தயாராக இருக்கும். பின்னல் வேலை இல்லை. இதன் ஷீல்டை பிளக் பக்கம் மட்டும் ஸ்லீவில் சேர்த்து, ஹெட்போன் பக்கம் வெட்டி உறைக்குள் விட்டுவிடுங்கள். உள்ளே பெரும்பாலும் இரண்டு ஒயர் ஒரு நிறத்திலும் இரண்டு ஒயர் இன்னொரு நிறத்திலும் இருக்கும் என்பதால், ஒரே நிற ஜோடியில் எது எது என்று மல்டிமீட்டர் வைத்து அடையாளம் போட்டுக்கொள்ள வேண்டும்.

இயர்போனுக்கு அந்த கேபிள் தடிமன். அதற்கு நான்கு ஒற்றை ஒயர்களை வாங்கிப் பின்னுவதுதான் முறை. பல மெல்லிய இழைகளால் ஆன, மென்மையான பிவிசி உறை போட்ட ஒயர் நன்றாக வேலை செய்யும். ஒயரைக் கையில் பிடித்து விரல் அகலத்துக்கு வளைத்துப் பாருங்கள். விட்டதும் விறைத்து நிமிர்ந்தால் அது காதுக்கு ஆகாது. சிலிக்கான் உறை வளைவதற்கு அருமை, ஆனால் துணியைப் பிடித்து இழுக்கும், தூசியும் ஒட்டும். டெஃப்லான் உறை சூட்டைத் தாங்கும், பற்றவைக்க வசதி. ஆனால் விறைப்பு, உரசல் சத்தத்தை நேராகக் காதுக்குக் கொண்டுபோகும்.

நெட்வொர்க் கேபிளைப் பிரித்து அதன் ஒயரை எடுக்கலாம் என்ற யோசனை அடிக்கடி கண்ணில் படுகிறது. சுவருக்குள் ஓடும் நெட்வொர்க் கேபிளில் இருப்பது இழைகள் இல்லாத ஒற்றைக் கம்பி. நாலு முறை மடக்கினால் உள்ளே முறியும். வேண்டாம்.

லிட்ஸ் ஒயர் என்று ஒரு வகை உண்டு. அதில் ஒவ்வொரு இழைக்கும் தனித்தனி எனாமல் பூச்சு. பார்க்க அழகு, மென்மையும் அதிகம். ஆனால் அந்தப் பூச்சு போகாமல் ஈயம் ஒட்டாது. 400 டிகிரி செல்சியஸ் அளவுக்கு அயர்ன் முனையைச் சூடாக்கி, முனையில் உருண்டையாக ஈயத்தை வைத்துக்கொண்டு, அதற்குள் ஒயர் நுனியை மெல்ல நுழைத்தால் பூச்சு கருகிப் போய் ஈயம் ஏறும். முதல் கேபிளுக்கு இந்தத் தொல்லை தேவையில்லை. பழைய இயர்போன் ஒயரை மறுபடி பயன்படுத்த நினைப்பவர்களும் இதே சுவரில்தான் முட்டுவார்கள்: அதன் இழைகளும் எனாமல் பூசியவை, நடுவில் நூலிழையும் சேர்ந்திருக்கும்.

பிளக்கும் மறுமுனையும்

3.5 மி.மீ. பிளக்கில் பார்க்க வேண்டியவை: உலோக உறை திருகிக் கழற்றக்கூடியதா, கேபிள் நுழையும் துளையின் விட்டம் என்ன, உள்ளே கேபிளைக் கவ்வும் நாக்கு இருக்கிறதா. துளை விட்டத்தைப் பார்க்காமல் வாங்கினால், பின்னி முடித்த கேபிள் நுழையாமல் நிற்கும். போனில் தடிமனான கவர் போட்டிருப்பவர்கள் உறையின் முன்பக்கம் மெலிந்திருக்கும் பிளக்கை எடுக்கவும். இல்லையென்றால் பிளக் முழுதாக உள்ளே போகாது.

மறுமுனை உங்கள் ஹெட்போனைப் பொறுத்தது. இயர்போன்களில் எம்எம்சிஎக்ஸ் என்ற வட்டமான சிறு இணைப்பு, 0.78 மி.மீ. இரட்டை முள் ஆகிய இரண்டும் பரவலானவை. ஹெட்போன்களில் ஒவ்வொரு கோப்பைக்கும் 2.5 அல்லது 3.5 மி.மீ. சிறு பிளக், மினி எக்ஸ்எல்ஆர், சென்ஹைசர் எச்டி 600, 650 போன்றவற்றின் தனிவகை இரட்டை முள் என்று பலவிதம். அசல் கேபிள் கையில் இருந்தால் அதை வெட்டுவதற்கு முன், அதன் ஒரு முனையின் எந்தத் தொடுமுனை மறுமுனையில் எதற்குப் போகிறது என்று மல்டிமீட்டரில் பார்த்துப் படம் வரைந்து வையுங்கள். வேறு எந்த வரைபடத்தையும்விட அந்தத் தாள்தான் நம்பகமானது.

கேபிளைக் கழற்றவே முடியாத ஹெட்போன் என்றால் கோப்பையைத் திறந்து, பழைய ஒயர் பற்றவைத்திருக்கும் அதே புள்ளியில் புதியதை வைக்க வேண்டும். அங்கிருந்து டிரைவருக்குப் போகும் சுருள் கம்பி முடியைவிட மெல்லியது. அதன் பக்கம் அயர்ன் போகக்கூடாது. கோப்பைக்குள் கேபிளில் ஒரு முடிச்சுப் போட்டுவிட்டால் வெளியே இழுத்தாலும் பற்றுக்கு வலி போகாது.

இணைப்பு வரிசை

சாதாரண 3.5 மற்றும் 6.35 மி.மீ. பிளக்: நுனி இடது பிளஸ், நடு வளையம் வலது பிளஸ், அடி ஸ்லீவ் இரண்டு மைனஸ்களும்.

4.4 மி.மீ. பேலன்ஸ்டு: நுனியிலிருந்து வரிசையாக இடது பிளஸ், இடது மைனஸ், வலது பிளஸ், வலது மைனஸ், கடைசி ஸ்லீவ் கிரவுண்டு, ஹெட்போனுக்கு அதைத் தொட வேண்டியதில்லை.

2.5 மி.மீ. பேலன்ஸ்டு: நுனி வலது மைனஸ், அடுத்து வலது பிளஸ், அடுத்து இடது பிளஸ், ஸ்லீவ் இடது மைனஸ். மற்றவற்றுக்குத் தலைகீழாக இருப்பதால் இதில் தவறு நடக்க வாய்ப்பு அதிகம்.

நான்கு முள் எக்ஸ்எல்ஆர்: 1 இடது பிளஸ், 2 இடது மைனஸ், 3 வலது பிளஸ், 4 வலது மைனஸ்.

எம்எம்சிஎக்ஸ்: நடு முள் பிளஸ், சுற்று வளையம் மைனஸ்.

இரட்டை முள்ளில் எது பிளஸ் என்பது இயர்போனுக்கு இயர்போன் மாறலாம். அசல் கேபிளை அளந்துதான் முடிவு செய்ய வேண்டும். வலதுக்குச் சிவப்புப் புள்ளி, இடதுக்கு நீலம் அல்லது கறுப்பு என்பது வழக்கம்.

ஓர் எச்சரிக்கை. பேலன்ஸ்டு ஆம்ப்ளிஃபயரில் இரண்டு மைனஸ்களும் தனித்தனி வெளியீடுகள். அவற்றை ஒன்றாகச் சேர்க்கும் அடாப்டரைச் செய்து, அதில் சாதாரண 3.5 மி.மீ. ஹெட்போனை மாட்டினால் ஆம்ப்ளிஃபயர் பழுதாகலாம். எதிர்த்திசை அடாப்டர், அதாவது பேலன்ஸ்டு ஹெட்போனைச் சாதாரண வெளியீட்டில் மாட்டுவது, ஆபத்தில்லாதது.

மைக் உள்ள நான்கு தொடுமுனை பிளக்கைப் பற்றி இங்கே விரிவாகப் போகவில்லை. மைக் வேண்டாம் என்றால் மூன்று தொடுமுனை பிளக்கே போனிலும் வேலை செய்யும். அதன் நீண்ட ஸ்லீவ், போன் சாக்கெட்டின் மைக், கிரவுண்டு இரண்டையும் ஒன்றாகத் தொட்டுவிடுவதால், மைக் இல்லாத ஹெட்போன் என்று போன் புரிந்துகொள்ளும்.

கருவிகள்

சூட்டைக் கூட்டிக் குறைக்கக்கூடிய சால்டரிங் அயர்ன், 0.5 முதல் 0.8 மி.மீ. வரை தடிமனுள்ள ரோசின் கலந்த ஈயக் கம்பி, கொஞ்சம் ஃப்ளக்ஸ் (ஈயம் ஒட்ட உதவும் பசை), ஒயர் ஸ்ட்ரிப்பர், கட்டர், மல்டிமீட்டர், சில அளவுகளில், சூடாக்கினால் சுருங்கும் ஹீட்ஷ்ரிங்க் குழாய், வேலைப் பொருளைப் பிடித்துக்கொள்ள ஏதாவது ஒன்று. தண்ணீர்க் குழாய் வேலைக்கு விற்கும் அமில ஃப்ளக்ஸ் வேண்டவே வேண்டாம். நாள்போக்கில் தாமிரத்தை அரிக்கும்.

63/37 விகித (63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு காரீயம்) ஈயக்கலவை 183 டிகிரியில் சட்டென்று உருகி, சட்டென்று உறையும். புதியவர்களுக்கு அதுதான் சுலபம். அயர்னை 320 முதல் 350 டிகிரி வரை வைக்கலாம். ஈயமில்லாத கலவை 217 டிகிரிக்கு மேல்தான் உருகும், அயர்னும் 30 டிகிரி கூடுதலாக வேண்டும். எழும் புகை ஃப்ளக்ஸின் புகை. காற்றோட்டமுள்ள இடத்தில் உட்காருங்கள். ஈயம் தொட்ட கையைச் சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கம்பியை வெட்டும்போது துண்டு எந்தத் திசையில் பறக்கும் என்று தெரியாது, கண்ணாடி அணிவது நல்லது.

அளந்து வெட்டுதல்

இயர்போனுக்கு மொத்தம் 1.2 மீட்டர் பொதுவான அளவு. அதில் பிளக்கிலிருந்து கவடு வரை 80 செ.மீ., கவட்டுக்கு மேல் 40 செ.மீ. பின்னும்போது நீளம் குறையும். எவ்வளவு இறுக்கிப் பின்னுகிறீர்கள் என்பதைப் பொறுத்து 15 முதல் 25 சதவீதம் வரை போகும். நுனிகளில் வெட்டிப் போடவும் கொஞ்சம் வேண்டும். ஆகவே ஒவ்வொரு ஒயரையும் 1.6 மீட்டருக்கு வெட்டுங்கள். மிச்சமானால் வெட்டிவிடலாம், குறைந்தால் செய்வதற்கு ஒன்றுமில்லை.

நான்கும் ஒரே நிறமென்றால் இடது ஜோடியின் இரு நுனிகளிலும் டேப் ஒட்டிக் குறித்துவிடுங்கள். ஜோடிக்கு ஒரு நிறமாக வாங்கினால் இந்த வேலை பாதியாகும்.

பின்னல்

நான்கு ஒயர்களையும் ஒரு முனையில் டேப் போட்டுச் சேர்த்து, மேசையில் கிளிப் மாட்டிப் பிடிக்கச் செய்யுங்கள். இரண்டு இடப்பக்கம், இரண்டு வலப்பக்கம். வலக்கோடியில் இருப்பதை எடுத்து, அடுத்த இரண்டின் பின்னால் கொண்டுபோய், இரண்டுக்கும் இடப்பக்கமாக வெளியே எடுத்து, கடைசியாகக் கடந்த ஒயரின் மேலாக மடக்கி வலப்பக்கமே திருப்புங்கள். இப்போது இடக்கோடி ஒயரை எடுத்து அதையே மறுபக்கமாகச் செய்யுங்கள்: இரண்டின் பின்னால், ஒன்றின் மேலாக, இடப்பக்கமே திரும்ப. வலம், இடம், வலம், இடம். பத்து சுற்றுக்குள் உருண்டையான பின்னல் கண்ணுக்குப் பிடிபடும்.

இதில் உண்மையான தொல்லை பின்னுவதல்ல. கீழே தொங்கும் நீள ஒயர்கள் எதிர்ப்பக்கமாகச் சிக்கிக்கொள்வது. ஒவ்வொன்றையும் ஒரு சிறு அட்டைத் துண்டில் சுற்றி, வேண்டியபோது மட்டும் அவிழ்த்துக்கொண்டால் சிக்கு பாதிக்கும் கீழே குறையும். இழுவிசை சீராக இருக்கட்டும். இறுக்கிப் பின்னினால் அழகு, ஆனால் விறைக்கும். கொஞ்சம் தளர்வாக விட்டால்தான் கழுத்தில் தழைந்து கிடக்கும். நடுவில் எழுந்து போக வேண்டியிருந்தால் பின்னலின் மேல் ஒரு கிளிப் போட்டுவிட்டுப் போங்கள், எந்த ஒயர் முறை என்ற குழப்பம் வராது.

கவட்டுக்கு மேல் இரண்டிரண்டு ஒயர்கள்தான் மிஞ்சும். வெறுமனே ஒன்றன்மேல் ஒன்றைச் சுற்றினால் சிறிது நேரத்தில் அவிழ்ந்துவிடும். கயிறு திரிப்பது போல, முதலில் ஒவ்வொரு ஒயரையும் தனியாக ஒரு திசையில் முறுக்கேற்றி, பிறகு இரண்டையும் சேர்த்து எதிர்த்திசையில் திரியுங்கள். இரண்டு முறுக்கும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு அப்படியே நிற்கும்.

பின்னல் பிடிக்காதவர்கள் நான்கு ஒயர்களையும் ஒன்றாகச் சேர்த்து, உள்நூல் நீக்கிய பாராகார்டு (பாராசூட் கயிறு) உறைக்குள் நுழைத்துவிடலாம். ஒயர்க் கற்றையின் நுனியை டேப்பால் கூம்பாகச் சுற்றிக்கொண்டு, உறையைப் புழு நகர்வதுபோல் சுருக்கிச் சுருக்கித் தள்ள வேண்டும். நைலான் உறை மேசை ஹெட்போனுக்குச் சரி. இயர்போனுக்கு வேண்டாம், துணியில் உரசும் சத்தம் கேட்கும்.

பற்றவைக்கும் முன்

கேபிளில் முன்கூட்டியே கோர்க்க வேண்டியவற்றை வரிசையாக மேசையில் வையுங்கள்: பிளக்கின் உலோக உறை, அதற்குள் போகும் பிளாஸ்டிக் குழல், கவட்டுத் துண்டு, கழுத்தருகே மேலும் கீழும் நகரும் சிறு வளையம், இயர்போன் முனைகளின் மூடிகள், காதின் மேல் வளையும் ஹீட்ஷ்ரிங்க், ஒவ்வொரு பற்றுக்கும் வேண்டிய சிறு ஹீட்ஷ்ரிங்க் துண்டு. அனைத்தையும் சரியான திசையில் கோர்த்துவிட்ட பிறகே அயர்னைச் சூடாக்குங்கள். அருமையான பற்று வைத்து முடித்த பின், பிளக் உறை மேசையில் தனியாக உட்கார்ந்திருப்பதைப் பார்க்காத கேபிள் செய்பவர் அரிது. ஹீட்ஷ்ரிங்க் துண்டுகளைப் பற்றுமுனையிலிருந்து தள்ளி வையுங்கள், அருகில் இருந்தால் ஒயர் வழியாக வரும் சூட்டிலேயே சுருங்கிவிடும்.

பிளக்கைப் பற்றவைத்தல்

பிளக்கின் உள்ளே தொடுமுனைகளைப் பிரித்து வைத்திருப்பது பிளாஸ்டிக். அயர்ன் சூட்டில் அது இளகி, நுனி கோணிக்கொள்ளும். இதற்கு எளிய வழி, பழைய 3.5 மி.மீ. சாக்கெட் ஒன்றில் பிளக்கைச் செருகிவிட்டு வேலை செய்வது. சாக்கெட் பிளக்கை நேராகப் பிடித்துக்கொள்ளும், கொஞ்சம் சூட்டையும் உறிஞ்சிக்கொள்ளும்.

ஒயர் நுனிகளில் 2 முதல் 3 மி.மீ. மட்டும் உரித்து, இழைகளை முறுக்கி, ஈயம் பூசுங்கள். பிளக்கின் முனைகளிலும் தனியாக ஈயம் பூசுங்கள். இரண்டிலும் ஈயம் இருந்தால் சேர்க்கும்போது அயர்ன் ஒன்றிரண்டு நொடி தொட்டாலே போதும். கூடுதல் நேரம் வைத்தால் ஒயரின் உறை பின்வாங்கி, செப்பு வெளியே தெரியும்.

ஸ்லீவ் முனையை முதலில் முடித்துவிடுங்கள். அது பெரிய உலோகம், சூட்டை இழுத்துக்கொள்ளும், அதிக நேரம் பிடிக்கும். மற்ற இரண்டு பற்றும் முடிந்த பிறகு அதில் சூடு ஏற்றினால் முன்பு வைத்தவை இளகிவிடலாம். இரண்டு மைனஸ் ஒயர்களையும் ஒன்றாக முறுக்கி ஒரே பற்றாக வையுங்கள். அடுத்து நடு வளையம், கடைசியாக நுனி. ஈயம் உறையும் வரை ஒயர் அசையக்கூடாது. அசைந்தால் மேற்பரப்பு மங்கலாக, மணல்போலத் தெரியும். அதுதான் டிரை சால்டர். இன்று வேலை செய்து, நாளை கரகரக்கும். ஃப்ளக்ஸ் ஒரு துளி வைத்து மறுபடி சூடேற்றினால் சரியாகிவிடும். ஈயமில்லாத கலவையில் நல்ல பற்றும் சற்று மங்கலாகவே இருக்கும் என்பதால் அங்கே பளபளப்பை வைத்து முடிவுசெய்ய வேண்டாம். ஈயம் ஒயரிலும் முனையிலும் வழிந்து பரவியிருக்கிறதா என்று பாருங்கள்.

இனிதான் இந்த முழு வேலையின் உயிர்நிலை. பிளக்கின் கவ்வும் நாக்கு, ஒயரின் உறைமேல் கவ்வ வேண்டும். உரித்த கம்பியில் அல்ல. யாராவது கேபிளை இழுத்தால் இழுவை உறையில் நிற்க வேண்டும், பற்றுக்குப் போகக்கூடாது. மெல்லிய பின்னலாக இருந்தால் நாக்கு பிடிக்காது. அந்த இடத்தில் இரண்டு மூன்று அடுக்கு ஹீட்ஷ்ரிங்க் போட்டுத் தடிமனாக்கி, அதன்மேல் நோஸ் பிளேயரால் மெதுவாக மடக்குங்கள். வெளிப்பக்கம் பிளக் உறையிலிருந்து 1.5 செ.மீ. வரை பசையுள்ள ஹீட்ஷ்ரிங்க் ஒன்று நீளட்டும். விறைப்பான பிளக்கிலிருந்து இளகிய ஒயருக்கு வளைவு படிப்படியாக மாற வேண்டும். ஒரே புள்ளியில் மடங்கினால் அந்தப் புள்ளியில்தான் அறுபடும். வளைந்த பிளக்கா, நேர் பிளக்கா என்பதும் இதே கேள்விதான்: போனைச் சட்டைப்பையில் போடுபவருக்கு வளைந்தது, மேசைக் கருவிக்கு நேரானது.

எபாக்ஸியால் பிளக்கை நிரப்பச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு உடன்பாடில்லை. திறந்து பழுது பார்க்க முடிவதற்காகத்தானே திருகு பிளக் வாங்கினோம்? தேவைப்பட்டால் சூட்டுப்பசை ஒரு துளி போதும், பின்னால் பெயர்த்துவிடலாம்.

காதுப் பக்க முனைகள்

எம்எம்சிஎக்ஸ், இரட்டை முள் இரண்டும் மிகச் சிறியவை. சூட்டில் உள்ளிருக்கும் பிளாஸ்டிக் இளகினால் முள் இம்மியளவு நகரும். பிறகு இயர்போனில் செருக முடியாது, வலுக்கட்டாயமாகச் செருகினால் இயர்போனின் சாக்கெட்டே கெட்டுப்போகும். ஆகவே அதற்குரிய பெண் சாக்கெட் ஒன்றைத் தனியாக வாங்கி, அதில் செருகிக்கொண்டே பற்றவையுங்கள். உங்கள் இயர்போனில் செருகிக்கொண்டு இந்த வேலையைச் செய்யக்கூடாது என்று சொல்லத் தேவையில்லை. முன்கூட்டியே ஈயம் பூசி, ஒரு நொடித் தொடுதல், பிறகு ஆறவிடுதல்.

எம்எம்சிஎக்ஸில் நடு முள் பற்றுக்கும் சுற்று வளையத்துக்கும் இடைவெளி மிகக் குறைவு. நடு முள்ளைப் பற்றவைத்த கையோடு அதன்மேல் மெல்லிய ஹீட்ஷ்ரிங்க் போட்டு மூடிவிட்டு, பிறகு வளையத்துக்குப் போங்கள். இங்கே கவ்வும் நாக்கு கிடையாது என்பதால் மூடியை ஒட்டும் பசைதான் இழுவையைத் தாங்க வேண்டும். இந்த ஓர் இடத்தில் மட்டும் எபாக்ஸியை ஏற்றுக்கொள்வேன். சூப்பர் குளூ உலரும்போது எழும் ஆவி சுற்றிலும் வெண்மையாகப் படியும், வளைந்தால் வெடிக்கவும் செய்யும். எதையும் ஒட்டும் முன் அடுத்த பகுதியில் உள்ள சோதனையை முடித்துவிடுங்கள்.

சோதனை

ஹெட்போனை மாட்டாமல், மல்டிமீட்டரைக் கண்டினியூட்டியில் வைத்து, ஒவ்வொரு தொடுமுனையிலிருந்தும் அது போக வேண்டிய இடத்துக்கு பீப் ஒலிக்கிறதா பாருங்கள். அதைவிட முக்கியம், ஒலிக்கக்கூடாத ஜோடிகளில் ஒலிக்காமல் இருக்கிறதா என்பது: நுனிக்கும் வளையத்துக்கும், நுனிக்கும் ஸ்லீவுக்கும், வளையத்துக்கும் ஸ்லீவுக்கும். பிறகு ஒரு கையால் மீட்டர் முனைகளைப் பிடித்தபடி இன்னொருவரைக் கொண்டு கேபிளின் கழுத்துகளை ஆட்டச் சொல்லுங்கள். பீப் ஒருமுறை விட்டு வந்தாலும் அந்தப் பற்றை மறுபடி செய்ய வேண்டும்.

முதலில் ஒரு பழைய, இழந்தாலும் பரவாயில்லை என்னும் ஹெட்போனிலும் கருவியிலும் மெல்லிய ஒலியில் கேளுங்கள். காதில் மாட்டாமல் அருகில் வைத்துக் கேட்டால் போதும். ஏதாவது சரியில்லை என்றால் கோளாறு தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும்.

பாடகர் குரல் மறைந்து, பின்னணி இசையும் எதிரொலியும் மட்டும் கேட்டால், ஸ்லீவ் பற்று விட்டிருக்கிறது. பொதுப் பாதை அறுந்ததால் இரண்டு டிரைவர்களும் தொடர் இணைப்பாகி, இடத்துக்கும் வலத்துக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் ஒலிக்கிறது. நடுவில் பதிவான குரல் இரண்டிலும் சமம் என்பதால் கழிந்துபோகிறது.

குரல் நடுவில் நில்லாமல் தலையைச் சுற்றிப் பரவி, பாஸும் மெலிந்திருந்தால், ஒரு பக்கத்தில் பிளஸ் மைனஸ் மாறியிருக்கிறது. இரட்டை முள் கேபிள்களில் இது சாதாரணம். இரண்டு பக்கமும் சேர்ந்து மாறியிருந்தால் காதுக்குத் தெரியாது. ஆனாலும் மீட்டரில் பார்த்துச் சரிசெய்துவிடுவது நல்லது.

ஸ்டீரியோ பாட்டு இரண்டு காதிலும் அச்சு அசலாக ஒன்றுபோல ஒலித்தால் நுனியும் வளையமும் தொட்டுக்கொண்டிருக்கின்றன. உடனே நிறுத்திவிடுங்கள், ஆம்ப்ளிஃபயரின் இரண்டு வெளியீடுகள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருக்கின்றன.

கேபிளைத் தட்டினால் காதில் டொக் டொக் என்று கேட்பது மின்கோளாறு அல்ல, உறையின் விறைப்பு. கேபிளைக் காதுக்கு மேலாக வளைத்துப் போட்டு, நகரும் வளையத்தைத் தாடைக்குக் கீழ் ஏற்றிவிட்டால் பெருமளவு அடங்கும்.

எல்லாம் சரி என்றான பிறகு ஹீட்ஷ்ரிங்க் துண்டுகளைப் பற்றுகளின் மேல் நகர்த்தி, சுடுகாற்றால் சுருக்குங்கள். லைட்டர் தீ வேண்டாம். ஒரு பக்கம் கருகி மறுபக்கம் சுருங்காமல் நிற்கும், பின்னலின் உறையும் உருகும். கவட்டுத் துண்டை இடத்துக்குக் கொண்டுவந்து, அதன் உள்ளே பின்னல் நகராதபடி ஹீட்ஷ்ரிங்க் ஒரு சுற்று போட்டு இறுக்குங்கள். பிளக் உறையைத் திருகி மூடுங்கள். திருகும்போது கேபிள் சேர்ந்து சுழலாமல் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் உள்ளே பற்றுகள் முறுக்கிக்கொள்ளும். மூடிய பிறகு மீட்டரில் மீண்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சுருட்டி வைக்கும்போது கருவியைச் சுற்றி இறுக்காமல், உள்ளங்கை அகலத்துக்குத் தளர்ந்த வட்டமாகச் சுருட்டுங்கள். என்றாவது ஒருநாள் பிளக்கின் கழுத்தில் இழைகள் களைத்து அறுபடும். அப்போது உறையைத் திருகிக் கழற்றி, ஒயரில் 2 செ.மீ. வெட்டிவிட்டு, அதே பிளக்கிலேயே மறுபடி பற்றவைத்துக்கொள்ளலாம். முதலிலேயே கேபிளை உங்களுக்கு வேண்டியதைவிட ஒரு சாண் நீளமாகச் செய்திருந்தால், அந்த 2 செ.மீ. போனது தெரியவே தெரியாது.